அச்சுக்கூடத்தோடு மலையேறிய தம்பதியர்

மலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குறிஞ்சித்திணை. இளம் காதலர் இருவர் சந்தித்துக் கூடுகிற இடமாகச் சங்கப் புலவர்கள் மலையை வைத்தார்கள். தினைப்புனம், அருவி, பரண், கிளி விரட்டும் பெண் எல்லாம் அங்கேதான்.

என்னைப் போன்ற தமிழ்ச் சமணனுக்கு வேறொரு மலையும் உண்டு. அது கற்படுக்கை உள்ள மலை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு சிறு குன்று. அங்கே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்று பாறையில் வெட்டியிருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியாரின் திருவடிகளை வணங்குகிறோம். இந்த மலைகளுக்கு ஏறியவர்கள் தனியாக ஏறினார்கள். மனைவி, மக்கள், கடை, கண்ணி எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டு ஏறினார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதற்கு மலை உண்டா? அதாவது நடுவயது கடந்த கணவனும் மனைவியும் பெரிய பட்டணத்தை விட்டு, சேர்ந்து, ஒரு சின்ன மலையூருக்குக் குடிபெயர்வது. தொல்காப்பியம் கற்பியலில் முதுமைப் பருவத்துத் தம்பதியரைப் பற்றி ஒரு நூற்பா இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளோடும் சுற்றத்தோடும் இருந்து அறம் பயில வேண்டும் என்பது அதன் கருத்து. ஆக அவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வடமொழி நூல்களில் வானப்பிரஸ்தம் என்று உண்டு. மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டும் போகலாம், கூட்டிக்கொண்டும் போகலாம் என்று இரண்டு வழி சொல்கிறார்கள். கூட்டிக்கொண்டு போனால் அவள் அங்கே என்ன செய்வாள், அவனுக்குப் பிறகு அவள் கதி என்ன என்பதை நான் பார்த்தவரையில் அவர்கள் விரித்துப் பேசவில்லை.

இந்தக் கேள்வி என் வீட்டில் எழுந்த கேள்வி. நான் 1981இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்து, சாவ்ரி பஜாரில் ஒரு காகிதக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவன். இப்போது கடையைப் பையன் பார்க்கிறான். தில்லியின் குளிர்காலப் புகையில் எனக்கு மூச்சு இழுக்கிறது. குமாவுன் மலையில் அல்மோராவில் ஒரு சின்ன வீடு பார்த்துப் போய்விடலாம் என்று சில வருஷங்களாக எனக்கு ஆசை. வீட்டம்மா ஒரு நாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்: “நாளைக்கு நீங்க இல்லாமப் போயிட்டா, அந்த மலையில நான் யாரோட பேசுவேன்?”

பதில் சொல்ல வராமல்தான் படிக்கத் தொடங்கினேன். நான் கல்லூரிப் படிப்புப் படித்தவனல்ல. பழைய காகிதக் கட்டுகளோடு வந்து சேரும் பழைய புத்தகங்களைப் பிரித்துப் படித்துப் பழகியவன். அல்மோராவுக்குக் குடிபெயர்ந்த தம்பதியரைப் பற்றித் தேடியபோது எதிரே வந்து நின்றவர் நம் வத்தலக்குண்டு ராஜம் ஐயர். அல்மோராவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன்.

‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜம் ஐயரை நம்மில் பலர் நாவலாசிரியராக மட்டுமே அறிவோம். 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் அந்த நாவல் தொடராக வந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1896 ஜூலையில், சென்னையில் ‘பிரபுத்த பாரதா’ என்ற ஆங்கில மாத இதழ் தொடங்கியது. விவேகானந்தரின் சென்னை அன்பர்கள் தொடங்கிய பத்திரிகை அது. அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் 1895இல் தொடங்கிய ‘பிரம்மவாதின்’ பண்டிதர்களுக்கு. இது சாதாரணமாகப் படிக்கிறவர்களுக்கும் மாணவர்களுக்கும். ஆசிரியர் ராஜம் ஐயர். அப்போது அவருக்கு வயது 24. இரண்டு வருஷம் பத்திரிகையைத் தூக்கி நிறுத்தினார். 1898 மே 13ஆம் தேதி, 26 வயதில் காலமானார். அவருக்குப் பிறகு நடத்த ஆளில்லை. ஜூன் இதழோடு பத்திரிகை நின்றது.

இனி லண்டனுக்குப் போகலாம். ஜேம்ஸ் ஹென்றி சேவியர் என்று பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு காப்டன். அவர் மனைவி சார்லட் எலிசபெத். (இந்தச் ‘சேவியர்’ நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளும் பெயரல்ல, அவர்களுடைய குடும்பப் பெயர்.) தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பார்த்து மனம் நிறையாதவர்கள். 1896இல் விவேகானந்தரின் சொற்பொழிவைக் கேட்டார்கள். அதைப் பற்றி ஜோசபின் மக்லவுட் அம்மையார் தம் நினைவுக்குறிப்பில் ஒரு சிறு செய்தி சொல்கிறார். காப்டன் மனைவியிடம் போய், சுவாமிக்குச் சீடனாக எனக்கு அனுமதி தருவாயா என்று கேட்டாராம். அம்மையார் தந்தார். உடனே அம்மையார், எனக்கும் அதே அனுமதி உண்டா என்று திருப்பிக் கேட்டாராம். காப்டன் சிரித்துக்கொண்டே, அதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி பதில் சொன்னாராம். வேடிக்கைப் பேச்சுதான். ஆனாலும் இந்தச் செய்தியை நான் பெரிதாக மதிக்கிறேன். முதலில் கேட்டவர் கணவர், திருப்பிக் கேட்டவர் மனைவி. நம் வீடுகளில் முதல் கேள்வியே எழுவதில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் சொல்கிறோம்.

அந்தக் கோடையில் அவர்கள் விவேகானந்தரோடு சுவிட்சர்லாந்து போனார்கள். ஆல்ப்ஸ் மலையைப் பார்த்தபோதுதான், இமயமலையில் இதுபோல் ஓரிடத்தில் கீழை நாட்டாரும் மேலை நாட்டாரும் சேர்ந்து இருக்க ஓர் ஆசிரமம் வேண்டும் என்ற எண்ணம் உருவானது. தம்பதியர் லண்டன் குடித்தனத்தைக் கலைத்தார்கள். 1896 டிசம்பர் 16ஆம் தேதி விவேகானந்தரோடு லண்டனை விட்டுப் புறப்பட்டார்கள். 1897 ஜனவரி 15ஆம் தேதி கப்பல் கொழும்பு சேர்ந்தது. பிப்ரவரி 6ஆம் தேதி சென்னை விவேகானந்தருக்கு அளித்த பெரிய வரவேற்பின்போது, இவர்கள் முந்தின நாளே வந்து சென்னையில் காத்திருந்தார்கள். ராஜம் ஐயர் அப்போது அதே சென்னையில் ‘பிரபுத்த பாரதா’வின் எட்டாம் இதழ் வேலையில் இருந்த நேரம்.

பிறகு அவர்கள் வடக்கே போய் அல்மோராவில் தாம்சன் ஹவுஸ் என்ற வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார்கள். அல்மோரா என்பது சந்த் வம்சத்து அரசர்கள் 16ஆம் நூற்றாண்டில் சம்பாவத்திலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு வந்து அமைத்த ஊர். குதிரைச் சேணம் மாதிரி வளைந்த ஒரு மலை முகட்டின் மேல் கடைவீதி. 1790இல் கூர்க்கர்கள் பிடித்தார்கள். 1815இல் வெள்ளைக்காரர் கைக்கு வந்தது. சிம்லா, நைனிதால் போல வெள்ளைக்காரர் உண்டாக்கிய ஊரல்ல. சொந்தக் கோயில், சொந்தக் கடைவீதி, செம்புப் பாத்திரம் அடிக்கிற தம்டா குடும்பங்கள் என்று தனக்கென ஒரு குடித்தனம் உள்ள ஊர். இன்றைக்கும் அங்கே போகிற பட்டணத்துக்காரனை அது விருந்தாளியாக நடத்துகிறதே ஒழிய, எஜமானனாக நடத்துவதில்லை.

1898 மே மாதம் விவேகானந்தர் அல்மோரா வந்து தாம்சன் ஹவுஸில் தங்கியிருந்தார். அடுத்தடுத்து இரண்டு மரணங்கள். மே 13இல் சென்னையில் ராஜம் ஐயர். ஜூன் 2இல் ஊட்டியில் குட்வின். விவேகானந்தரின் பேச்சுகளையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து நமக்குத் தந்தவர் இந்த ஜே.ஜே. குட்வின்தான். இவர்களோடு கப்பலில் இந்தியாவுக்கு வந்தவர். ஊட்டி புனித தாமஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். இருபது நாளைக்குள் தமிழ்நாட்டில் நேர்ந்த இந்த இரண்டு இழப்புகளும் அல்மோராவில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பத்திரிகையை நாம் எடுத்து நடத்தலாம் என்று அங்கே முடிவானது. ஆசிரியர், அந்த வருஷம்தான் துறவு பூண்ட சுவாமி ஸ்வரூபானந்தர். நிர்வாகம், காப்டன் சேவியர். கையால் இழுக்கும் அச்சு இயந்திரம், ஈய எழுத்துகள், காகிதம், மை எல்லாம் கல்கத்தாவிலிருந்து அல்மோராவுக்கு வந்தன. செலவைக் காப்டன் ஏற்றார். 1898 ஆகஸ்டில் ‘பிரபுத்த பாரதா’ தாம்சன் ஹவுஸிலிருந்து வெளிவந்தது. இடையில் நின்றது ஜூலை ஒரு மாதம் மட்டும்.

இந்த இடத்தில் ஒரு காகித வியாபாரியாக நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். படிக்கிறவர்கள் இதை ஒரே வரியில் கடந்து போய்விடுகிறார்கள். காட்கோதாமுக்கு 1884லேயே ரயில் வந்துவிட்டது. அதற்கு மேலே மலைப்பாதைதான். இரும்பு இயந்திரத்தைப் பிரித்துத்தான் ஏற்ற முடியும். ஈய எழுத்துப் பெட்டி பார்வைக்குச் சிறிசு, தூக்கினால்தான் தெரியும். காகிதம் அதைவிடச் சங்கடம். அந்தக் காலத்து ரீம் 480 தாள். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மழைக்காலத்துக் காற்றில் ஈரம் குடிக்கும். ஈரம் குடித்த தாள் ஓரத்தில் அலை அலையாக வளையும். இயந்திரத்தில் வைத்து இழுத்தால் எழுத்து ஒரு பக்கம் அழுத்தமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் விழும். மை குளிரில் இறுகும். அவர்கள் முதல் இதழ் போட்டது ஆகஸ்டில், குமாவுனில் அடைமழைக் காலம். மலைக்குப் போய் நிம்மதியாக உட்காரலாம் என்று வந்தவர்கள் செய்கிற காரியமா இது? தம்பதியர் பட்டணத்தின் கடுமையான வேலை ஒன்றையே கையோடு எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள்.

அல்மோராவும் அவர்களுக்கு ஜன நடமாட்டம் மிகுந்த ஊராகத் தோன்றியது. ஆசிரமத்துக்குத் தனியிடம் தேடினார்கள். அல்மோராவுக்குக் கிழக்கே, லோஹாகாட் என்ற சிற்றூரிலிருந்து 9 கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 1,940 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்று கிடைத்தது. பெயர் மாயாவதி. 1899 மார்ச் 2இல் வாங்கி, மார்ச் 19ஆம் தேதி குடிபுகுந்தார்கள். அச்சுக்கூடமும் கூடவே போயிற்று. அங்கே அத்வைத ஆசிரமம் என்று பெயர் வைத்து, உருவ வழிபாடு கிடையாது என்று விதி செய்தார்கள்.

அந்த விதியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஜினாலயத்தில் அபிஷேகம் பார்த்து வளர்ந்தவன். 2018இல் நானும் வீட்டம்மாவும் மாயாவதி போய் அங்கே உட்கார்ந்தபோது, எதிரே திருமேனி ஒன்றும் இல்லாமல் கையை எங்கே குவிப்பது என்றே புரியவில்லை. வீட்டம்மா ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனிமலைத் தொடர் தெரிந்தது. சரியான திசைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்டனுக்கு மாயாவதி வாழ்க்கை நீடிக்கவில்லை. 1900 அக்டோபர் 28ஆம் தேதி அங்கேயே காலமானார். அவர் விருப்பப்படி சாரதா நதிக்கரையில் இந்து முறையில் தகனம் நடந்தது. லண்டனை விட்டுப் புறப்பட்டு நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. மாயாவதியில் அவர் இருந்தது ஒன்றரை வருஷம்.

விவேகானந்தர் அப்போது வெளிநாட்டில். டிசம்பரில் பேலூர் திரும்பியவர், அம்மையாரைப் பார்க்க உடனே மாயாவதிக்குப் புறப்பட்டார். கடுங்குளிர் காலம். காட்கோதாமிலிருந்து மாயாவதிக்கு 65 மைல். அவருக்கோ அப்போது உடம்பு சரியில்லாத காலம். வழியில் பனி பெய்து, ஓர் இரவு கடைக்காரர் ஒருவரின் குடிசையில் ஒண்டிக்கொண்டு கழித்திருக்கிறார். (கடைக்காரர்களுக்குப் புண்ணியம் இப்படியும் வாய்க்கும்.) 1901 ஜனவரி 3இல் போய்ச் சேர்ந்து, 18 வரை இருந்தார். ஆசிரமத்தில் ஓர் அறையில் ராமகிருஷ்ணர் படத்தை வைத்துப் பூசை நடப்பதைக் கண்டு அவர் கடிந்துகொண்டதும், பிறகு அந்தப் பூசை நின்றதும் இந்தப் பயணத்து விஷயம்.

எனக்கு முக்கியம் இதற்கு அப்புறம் நடந்தது. கணவர் போய்விட்டார். தேசம் அந்நியம், பாஷை அந்நியம், சுற்றிலும் துறவிகள். ரயிலடிக்கு நாள்கணக்கில் நடக்க வேண்டும். இப்போது அம்மையார் இங்கிலாந்துக்குத் திரும்புவதுதான் எல்லாரும் எதிர்பார்க்கக்கூடியது. அவர் திரும்பவில்லை. 1902இல் விவேகானந்தர் மறைந்தார், அப்போதும் திரும்பவில்லை. 1903இல் மாயாவதியில் மலைவாசிகளுக்கு இலவச மருத்துவமனை ஏற்பட்டது. 1906இல் ஸ்வரூபானந்தர் நைனிதாலில் காலமானார். அவருக்குப் பின் வந்த சுவாமி விரஜானந்தர் காலத்தில்தான் மாயாவதியின் மிகப் பெரிய வேலைகள் நடந்தன. விவேகானந்தரின் நூல் தொகுதியில் முதல் பாகம் 1907இல் வெளிவந்தது. அவருடைய பெரிய வாழ்க்கை வரலாறு 1912 முதல் பாகம் பாகமாக வந்தது. இன்று நாம் கையில் எடுக்கும் விவேகானந்தர் நூல்களுக்கெல்லாம் மூலம் அந்த மலைக்காட்டு வேலைதான். அதற்கு அம்மையார் கூடவே துணை நின்றார். எல்லாரும் அவரை ‘மதர்’ என்றே அழைத்தார்கள். 1916இல்தான் இந்தியாவை விட்டுப் போனார். 1930 அக்டோபர் 20இல் காலமானார்.

கணக்குப் பார்த்தால், கணவரோடு இமயமலையில் இருந்தது ஏறக்குறைய மூன்று வருஷம். கணவர் இல்லாமல் இருந்தது சுமார் பதினைந்து வருஷம். ‘சேவியர் தம்பதியர் மாயாவதியை நிறுவினார்கள்’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் நான் வீட்டம்மாவுக்கு உற்சாகமாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “அந்தம்மாவுக்குப் பத்திரிகை இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. எனக்கு அங்க என்ன இருக்கு?” என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

அதனால் மேலும் தேடினேன். அடுத்த தம்பதியர் கல்கத்தாவிலிருந்து அல்மோராவுக்கு வந்தவர்கள். போஷி சென், வங்காளத்து விஷ்ணுபூரில் 1887இல் பிறந்த விஞ்ஞானி. ஜகதீச சந்திர போஸிடம் வேலை பார்த்தவர். 1924இல் கல்கத்தா பாக்பஜாரில் போஸ்பாரா சந்து 8ஆம் எண் வீட்டில், மிகச் சிறிய இடத்தில், ‘விவேகானந்தா ஆய்வுக்கூடம்’ என்று தொடங்கினார். அவர் மனைவி ஜெர்ட்ரூட் எமர்சன், அமெரிக்கர். நியூயார்க்கில் ‘ஏஷியா’ பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தவர். பெண் புவியியலாளர்களுக்கென 1925இல் அங்கே ஒரு சங்கம் ஏற்படுத்தியவர்களில் ஒருவர். பிறகு இந்தியாவுக்கு வந்து, ஐக்கிய மாகாணத்தில் பச்பேர்வா என்ற கிராமத்தில் குடியிருந்து, அந்தக் கிராமத்தைப் பற்றி 1930இல் புத்தகம் போட்டார். முன்னுரை ரவீந்திரநாத் தாகூர். 1932இல் இருவருக்கும் கல்யாணம். 1936இல் ஆய்வுக்கூடத்தோடு நிரந்தரமாக அல்மோராவில் குந்தன் ஹவுஸ் என்ற வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

1937 கோடையில் தாகூர் அல்மோராவுக்கு வந்து, வங்காளப் பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருந்த ‘விஸ்வ பரிசய’ என்ற விஞ்ஞான நூலை அங்கே முடித்தார். போஷி சென் அதை முழுக்கப் படித்துப் பார்த்ததை முன்னுரையில் அன்போடு குறிப்பிட்டிருக்கிறார். 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு போஷி சென் மலைப் பயிர், தானியம் என்று சாப்பாட்டுப் பக்கம் திரும்பினார். 1957இல் பத்மபூஷண். அம்மையாரோ அல்மோராவில் இருந்துகொண்டே இந்திய வரலாறு எழுதினார், 1948இல் வெளிவந்தது. அவர் கையில் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாய் இல்லை, பேனா இருந்தது. கணவருடைய வேலைக்கு உதவியாள் என்ற அளவில் அவர் அங்கே நிற்கவில்லை.

போஷி சென் 1971இல் காலமானார். 1974இல் ஆய்வுக்கூடம் மத்திய அரசின் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் போயிற்று; இன்றும் அல்மோராவில் விவேகானந்தர் பெயரோடு மலைப் பயிர் ஆராய்ச்சி நிலையமாக நடக்கிறது. அம்மையார் அல்மோராவை விட்டுப் போகவில்லை. 1982இல் மறையும் வரை மேலும் பதினோரு வருஷம் அந்த ஊர்க்காரராகவே இருந்தார்.

ஆண் தனித்து நின்ற கதையும் அதே மலையில் உண்டு. ஏர்ல் ப்ரூஸ்டர், ஆக்சா ப்ரூஸ்டர் என்ற அமெரிக்க ஓவியத் தம்பதியர் ஐரோப்பாவில் பல ஊர் மாறிக் கடைசியில் 1935இல் அல்மோராவுக்கு வந்தார்கள். ஆக்சா 1945இல் அங்கே காலமானார். ஏர்ல் தொடர்ந்து அங்கேயே இருந்து, 1957இல் காலமானார். இருவருமே ஓவியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடன மேதை உதய் சங்கர் கதை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. முப்பதுகளின் கடைசியில் அல்மோராவில் அவர் பெரிய கலைக்கூடம் ஒன்றை அமைத்தார். பாலசரஸ்வதியின் குருநாதர் கந்தப்ப பிள்ளை அங்கே பரதம் கற்பித்தார். 1942இல் உதய் சங்கர் அமலாவை மணந்தார். 1944இல் கலைக்கூடம் மூடப்பட்டது. தம்பதியர் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்த இடம் நம் சென்னை. ஜெமினி ஸ்டூடியோவில் ‘கல்பனா’ படத்தை எடுத்தார்கள், 1948இல் வெளிவந்தது. சென்னையில் நின்றுபோன பத்திரிகை அல்மோராவுக்குப் போய்ப் பிழைத்தது. அல்மோராவில் நின்றுபோன ஆட்டம் சென்னைக்கு வந்து படமாயிற்று. பெரிய கலைக்கூடத்துக்கு மாணவர், பண உதவி, ரசிகர் எல்லாம் பட்டணத்திலிருந்து வர வேண்டும். யுத்த காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஒரு கை இயந்திரத்தையோ ஒரு பேனாவையோ வைத்துக்கொண்டு ஒருவரால் தனியாகக் காலம் தள்ள முடியும்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். வெளிமாநிலத்துத் தமிழர்களாகிய நாம் ஏற்கெனவே ஒரு முறை இடம் பெயர்ந்தவர்கள். அப்போது இருபது, இருபத்தைந்து வயது. வேலை நம்மைத் தள்ளிக்கொண்டு வந்தது. மனைவி பின்னால் வந்தாள். வந்தவள் ஐந்தாறு வருஷம் பாஷை தெரியாமல், காய்கறிக்காரனிடம் விரலால் பேசி, பிறகு எப்படியோ தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டாள். என் வீட்டம்மா எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளிடம் ‘அ, ஆ’ படித்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அறுபது வயதில் அவளை இன்னொரு முறை பெயர்த்து நடும்போது, அந்த வகுப்பை எந்த மலையில் கொண்டுபோய் வைப்பது? எனக்கு அல்மோராவில் புத்தகம் போதும். என் கைப்பையில் என் உலகம் அடங்கிவிடுகிறது. அவளுடையது மற்ற மனிதர்களிடம் இருக்கிறது. சேவியர் அம்மையாரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது இதுதான்: 1896இல் அவரும் தம் பெயரில் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியவர். கணவர் போன இடத்துக்குப் பின்னால் போனவராக இருந்திருந்தால், 1900 அக்டோபரோடு அவருக்கு அங்கே வேலை முடிந்திருக்கும்.

எங்களுக்கு வேறு சில்லறைச் சங்கடங்களும் உண்டு. நாங்கள் பொழுது சாயுமுன் சாப்பிடுகிறவர்கள். கிழங்கு தொடுவதில்லை. குமாவுனில் எந்த வீட்டுக்குப் போனாலும் அன்பாக வைப்பது உருளைக்கிழங்கு. 2018இல் லோஹாகாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கிழங்கு இல்லாமல் ஏதாவது கொடுங்கள் என்றதும், உடம்புக்கு என்ன என்று கவலையாக விசாரித்தார். பட் என்று ஒரு கறுப்புச் சோயாப் பயறு அங்கே உண்டு. அதையும் மடுவா என்று அவர்கள் சொல்கிற கேழ்வரகையும் வைத்து எங்கள் சமையலைச் சரிக்கட்டிவிடலாம் என்று வீட்டம்மா கண்டுபிடித்தாள். கேழ்வரகைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த தெளிவு பனிமலையைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான். வீடு வாங்குகிற பேச்சு கிடையாது. வரும் ஜனவரியில் ஒரு மாதம் அல்மோராவில் வாடகைக்கு இருந்து பார்ப்பது. கோடையில் எல்லா மலையும் அழகுதான், குளிரில் பார்த்தால்தான் ஊர் தெரியும் என்பது அவள் வாதம். அங்கே இருக்கும் ராணுவக் குடும்பங்களில், வங்கி வேலையாக வந்தவர்களில் தமிழர் யாராவது உண்டா என்று அவளே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

போய்ப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு: தில்லியிலிருந்து காட்கோதாமுக்கு இரவு ரயில் உண்டு; அங்கிருந்து அல்மோராவுக்கு ஜீப்பும் பஸ்ஸும் கிடைக்கும். மாயாவதிக்குப் போக தனக்பூர், சம்பாவத், லோஹாகாட் வழி நல்லது. ஆசிரமத்தில் தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். ‘பிரபுத்த பாரதா’ இன்றும் மாதாமாதம் வருகிறது. ஆசிரியர் குழு மாயாவதியில், வெளியீடு கொல்கத்தாவில். அட்டையில் தொடங்கிய ஆண்டு 1896 என்று போட்டிருப்பார்கள். அந்த ஆண்டில் அது அச்சான ஊர் சென்னை.